நுகர்வோர் கேள்வி-பதில்: 'அசாசின்ஸ் கிரீட்' வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை எந்த வடிவில் வாங்குவது?

கேள்வி: ஐயா, நான் மார்த்தாண்டத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு பிறர் பயன்படுத்திய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கியுள்ளேன். நாகர்கோவில் கடை ஒன்றில் 'அசாசின்ஸ் கிரீட் 2' பழைய டிஸ்க் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மூன்று விளையாட்டுகள் அடங்கிய 'எட்ஸியோ கலெக்‌ஷன்' டிஸ்க்குக்கு அதைப்போல் மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். முதல் பாகத்தை நண்பரின் வீட்டில் விளையாடிப் பாதியிலேயே சலித்துவிட்டேன். இரண்டாம் பாகம் உண்மையிலேயே மேலானதா? எதை வாங்குவது?

பதில்: குறைந்த விலையில் கிடைக்கும் அந்த டிஸ்க்கை வாங்க வேண்டாம். அசாசின்ஸ் கிரீட் 2 முதலில் 2009 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்காக வெளிவந்தது. கடைக்காரர் காட்டிய தனி டிஸ்க் அந்தக் காலத்து பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்காகவே இருக்க வேண்டும். உறையின் மேற்பகுதியைப் பார்த்தால் உறுதியாகிவிடும். பிளேஸ்டேஷன் 4-இல் அந்த டிஸ்க் ஓடாது. உங்கள் கருவிக்கு உரியது 2016 நவம்பரில் வந்த எட்ஸியோ கலெக்‌ஷன்தான். அசாசின்ஸ் கிரீட் 2, அதைத் தொடர்ந்து வந்த பிரதர்ஹூட், ரெவலேஷன்ஸ் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. பின்னிரண்டிலும் முன்பு இருந்த பலர் சேர்ந்து ஆடும் பகுதி மட்டும் தொகுப்பில் கிடையாது. தனியாக விளையாடும் உங்களுக்கு அது இழப்பாகத் தோன்றாது.

முதல் பாகத்தில் உங்களைச் சலிக்கவைத்தது எது என்பதை ஊகிக்க முடிகிறது. ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் ஒட்டுக்கேட்பது, பையில் இருப்பதைத் திருடுவது, ஒருவனை அடித்து உண்மையைக் கறப்பது என்று அதே வேலைகளை ஊருக்கு ஊர் திரும்பச் செய்யவேண்டியிருந்தது. இரண்டாம் பாகம் இந்தக் குறையை அடியோடு களைந்திருக்கிறது. 1476-இல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகர வங்கியாளர் ஒருவரின் மகனான எட்ஸியோ, தந்தையையும் இரண்டு சகோதரர்களையும் தூக்குமேடையில் பறிகொடுக்கிறான். அங்கிருந்து 1499 வரை, கோபக்கார இளைஞன் ஒருவன் நிதானமுள்ள மனிதனாக முதிர்வதை நாம் உடனிருந்து பார்க்கிறோம். பணிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. லியனார்டோ டாவின்சி செய்துகொடுக்கும் பறக்கும் பொறியில் ஏறி இரவில் வெனிஸின் கூரைகளுக்கு மேலே, கீழே மூட்டப்பட்ட தீயின் வெப்பக்காற்றைப் பிடித்து உயர்ந்து செல்லும் கட்டம் ஒன்றே இந்த விளையாட்டை வாங்கியதற்குப் போதும் என்று சொல்வேன். முதல் பாகத்தின் நாயகன் தண்ணீரில் விழுந்தால் இறந்துவிடுவான். இவன் நீந்துவான் என்பதால் வெனிஸின் கால்வாய்களும் தப்பிக்கும் வழிகளாகின்றன.

நகரங்களே இதன் பெரிய பலம். பிரதான கட்டடங்களை நெருங்கும்போது அவற்றின் வரலாற்றுக் குறிப்பைத் திறந்து படிக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றால் ஒவ்வோர் அறையிலும் நின்று பெயர்ப்பலகை வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். 1478 ஏப்ரல் 26-இல் ஃப்ளோரன்ஸ் பேராலயத்தில் வழிபாட்டின்போது, அந்நகரை ஆண்ட குடும்பத்தைச் சேர்ந்த ஜூலியானோ மெடிச்சி கொல்லப்பட்டதும், அவருடைய அண்ணன் லொரென்சோ காயத்துடன் தப்பியதும் உண்மையில் நடந்தவை. கதை அவற்றின்மீதுதான் நிற்கிறது. ஆனாலும் திரையில் காண்பதையெல்லாம் வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் பார்க்கும் அந்தப் பேராலயத்தின் முகப்பு 1887-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. எட்ஸியோவின் காலத்தில் அது கிடையாது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். மறைந்து தாக்கும் விளையாட்டு என்று இதை நம்பி வாங்குபவர் ஏமாறக்கூடும். எதிரி வாளை ஓங்கும் நொடியில் சரியான பொத்தானை அழுத்தினால் ஒரே அடியில் அவனை வீழ்த்திவிடலாம் என்பதால், பத்துக் காவலர்கள் சூழ்ந்தாலும் பயம் வருவதில்லை. பயம் இல்லாதபோது மறைந்து செல்லவேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது. குனிந்து நடக்கும் வசதியே கிடையாது. கூட்டத்துக்குள் கலந்துவிடுவது, கூலிக்கு ஆள் அமர்த்திக் காவலர்களின் கவனத்தைத் திருப்புவது, தேடப்படுபவன் என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைக் கிழித்து அவப்பெயரைக் குறைப்பது போன்ற அருமையான வழிகளையெல்லாம் உருவாக்கிவிட்டு, அவற்றைப் பயன்படுத்தும்படி நம்மைக் கட்டாயப்படுத்தாமல் விட்டிருப்பது எனக்குப் பெரிய வருத்தம். நீங்களாகவே ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டு, வாளை உருவாமல் பணியை முடிப்பது என்று விளையாடிப் பாருங்கள்; அப்போதுதான் இதன் முழுச்சுவை தெரியும்.

பணமும் அப்படித்தான். எட்ஸியோவுடைய தந்தையின் சகோதரரது ஊரான மொந்தேரிஜோனியில் கடைகளைச் செப்பனிடச் செப்பனிட வருமானம் பெருகி, பாதிக் கதைக்குள் செலவழிக்க வழியில்லாத அளவுக்குக் குவிந்துவிடுகிறது. நகரங்கள் முழுவதும் சிதறிக்கிடக்கும் 100 இறகுகளைத் தேடும் வேலையைப் பொறுமை உள்ளவர்களுக்கு விட்டுவிடலாம். ஓடித் தாவும்போது நினைத்த திசைக்கு மாறாகப் பாய்ந்துவிடுவதும் அவ்வப்போது நடக்கும்.

தொகுப்பை வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூல வெளியீட்டில் 12, 13 ஆகிய இரண்டு அத்தியாயங்கள் இல்லை. கதை 1488-இலிருந்து 1499-க்குத் திடீரென்று தாவும். ஃபோர்லி நகர முற்றுகையும், சவோனரோலா என்ற துறவியின் பிடியில் ஃப்ளோரன்ஸ் சிக்கிய கதையுமான அந்த அத்தியாயங்கள் 2010-இன் தொடக்கத்தில் தனி விலைக்கு விற்கப்பட்டன. கதையின் நடுவிலிருந்து இரண்டு அத்தியாயங்களை உருவி எடுத்துத் தனியே காசு கேட்டது முறையல்ல என்றே இன்றும் கருதுகிறேன். தொகுப்பில் அவை உள்ளடங்கியே வருகின்றன.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் இந்த விளையாட்டைக் கேட்கிறான். வரலாறு கற்றுக்கொள்ளலாம் என்கிறான். வாங்கித் தரலாமா? (குலசேகரத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. அமெரிக்க வயது மதிப்பீட்டில் இது 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உரியது. இரத்தம் தெறிக்கும் கொலைகள்தான் இதன் அடிப்படை வேலை. பாலியல் தொழில் செய்யும் பெண்களும் கதையில் தொடர்ந்து வருகிறார்கள். மகனுடைய வரலாற்று ஆர்வம் மெய்யானது என்றால் அதை அணைத்துவிட வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துச் சென்று, 1741 குளச்சல் போரையும், அதில் தோற்றபின் திருவிதாங்கூரின் படைத்தளபதியாகவே ஆகி அந்தக் கோட்டையில் அடக்கமான டச்சுப் படைத்தலைவர் டி லனாயின் கதையையும் சொல்லுங்கள்.

கேள்வி: தக்கலையில் ஒரு கடையில் பழைய டிஸ்க் வாங்கினேன். பாதிக் கதையில் நின்றுவிடுகிறது. பழைய பொருளுக்கு மாற்றோ பணமோ கிடையாது என்று கடைக்காரர் கூறுகிறார். சட்டப்படி வழி உண்டா?

பதில்: உண்டு. விற்பதைத் தொழிலாகச் செய்பவர் குறையுள்ள பொருளை நல்லது என்று சொல்லி விற்றிருந்தால், அது பழைய பொருள் என்ற ஒரே காரணத்தால் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது. முதலில் டிஸ்க்கை வேறொரு கருவியில் போட்டுப் பாருங்கள். கோளாறு உங்கள் கருவியின் லென்ஸில்கூட இருக்கலாம். குறை டிஸ்க்கில்தான் என்று உறுதியானால், அது நிற்கும் இடத்தை வீடியோ எடுத்து, ரசீதின் நகலுடன் கடைக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். உங்களிடம் ரசீது இருக்கிறதா என்பதைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. இல்லையென்றால், பணத்தை ஜிபே போன்ற செயலி வழியாகச் செலுத்தியிருக்கும் பட்சத்தில் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள், அதுவும் சான்றாகப் பயன்படும்.