பொலோஞாவில் ஒரு செமஸ்டர்: உங்கள் கேள்விகள்

இத்தாலியில் உள்ள பொலோஞா நகரத்துக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: பிப்ரவரியில் போகிறேன். வகுப்புகள் ஆங்கிலத்தில்தான். ஆனால் தேர்வை வாய்மொழியாக நடத்துவார்களாம், பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டுமாம். எனக்கு வைவா என்றாலே கை நடுங்கும். எழுத்துத் தேர்வு உள்ள பாடங்களாகப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டுமா?
(மூன்றாம் ஆண்டு மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். வாய்மொழித் தேர்வு உள்ள பாடம் ஒன்றையாவது கட்டாயம் எடுங்கள், அவ்வளவு தூரம் போவதே அதற்காகத்தான் என்று கூடச் சொல்வேன். நம் ஊர் வைவாவை மனதில் வைத்துப் பயப்படுகிறீர்கள். இங்கே ரெக்கார்ட் நோட்டைப் புரட்டி, இரண்டு கேள்வி கேட்டு, அனுப்பிவிடுவார்கள். அங்கே பல பாடங்களில் மொத்த மதிப்பெண்ணும் அந்தப் பேச்சில்தான். 30க்குப் போடுவார்கள், 18 வந்தால் தேர்ச்சி, அசத்திவிட்டால் 30உடன் 'லோதே' என்று ஒரு பாராட்டும் சேரும்.

உனக்குப் பிடித்த தலைப்பு ஒன்றைச் சொல் என்று ஆரம்பிக்கும் பேராசிரியர்கள் நிறையப் பேர். நம் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். பாடம் முழுக்கப் படித்திருப்பார்கள், ஆனால் அதில் எது பிடித்தது என்று அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு தலைப்பை முதல் மாதத்திலேயே பிடித்துக்கொண்டு, அதைப் பத்து நிமிடம் தாள் பார்க்காமல் அறைத்தோழியிடம் சொல்லிப் பழகுங்கள், அவள் வேறு பாடம் படிப்பவளாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் புரியாத இடத்தில் எல்லாம் நிறுத்துவாள். அடுத்த கேள்வி பெரும்பாலும் நீங்கள் சொன்ன பதிலில் இருந்தேதான் வரும். விளக்கத் தெரியாத பெயரையோ கோட்பாட்டையோ அழகுக்காக வாயில் விடாதீர்கள், பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. இந்தத் தேர்வுகள் மூடிய அறைக்குள் நடப்பதில்லை, மற்ற மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். உங்கள் முறைக்கு முன்பே ஒரு நாள் போய்க் கேளுங்கள், பாதிப் பயம் போய்விடும். வந்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தேதியில் மறுபடி எழுதவும், மன்னிக்கவும், பேசவும் முடியும். ஆனால் அதற்கு நீங்கள் ஊரில் இருக்க வேண்டுமே! கோடைத் தேர்வுகள் ஜூன், ஜூலையில் வரும். டிக்கெட் மலிவு என்று ஜூன் முதல் வாரத்துக்கே ரிட்டர்ன் போட்டுவிட்டால் அந்த இரண்டாவது வாய்ப்பு உங்களுக்கு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் நடுங்கியது ஆசிரியர்கள்தான். 1088 என்று அது தொடங்கிய ஆண்டைச் சொல்வார்கள் (அந்த ஆண்டை முடிவு செய்ததே 19ஆம் நூற்றாண்டில், எண்ணூறாவது ஆண்டு விழா கொண்டாடுவதற்காக ஒரு குழு போட்டு). இடைக்காலத்தில் மாணவர்கள் சங்கமாகச் சேர்ந்து ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், வகுப்புக்குத் தாமதமாக வந்தால் அபராதமும் போட்டார்கள். அபராதம் இப்போது இல்லை. வகுப்பு கால் மணி நேரம் கழித்துத் தொடங்குவது மட்டும் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு அங்கே அறை கிடைக்கவே இல்லை. ஆன்லைனில் ஒருவர் மூன்று மாத அட்வான்ஸை இப்போதே அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்கிறார். அனுப்பலாமா?
(ஒரு தந்தை, மதுரை)

பதில்: ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள் ஐயா. அறையை நேரில் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் வராமல் பணம் போகக் கூடாது. முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஹாஸ்டலிலோ தற்காலிக அறையிலோ தங்கிக்கொண்டு அங்கிருந்து தேடச் சொல்லுங்கள். தனி அறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், இருவர் பகிரும் அறை அங்கே சகஜம். மாணவர்களுக்கான வாடகை ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலமே ஆறு மாதம். ஐந்து மாதத்துக்கு வருகிறவரை வீட்டுக்காரர்கள் தயங்கிப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தத் தட்டுப்பாடு நேற்று வந்ததல்ல. பொலோஞாவின் புகழே தெருவோரத்தில் தூண்கள் தாங்கி நிற்கும் மூடிய நடைபாதைகள்தான், பழைய நகரத்துக்குள் மட்டும் சுமார் 38 கிலோமீட்டர், 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அவை வந்த கதையைக் கேளுங்கள். மாணவர்களும் பிழைப்புத் தேடி வந்தவர்களும் ஊரில் பெருக, வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப் பக்கமாக நீட்டி அறைகளைக் கூட்டினார்கள், நீட்டிய மாடிக்குக் கீழே தூண் கொடுத்தார்கள். நம் ஊராக இருந்தால் ஆக்கிரமிப்பு என்று இடித்திருப்பார்கள், அல்லது இடிப்பதாக நோட்டீஸாவது ஒட்டியிருப்பார்கள். அவர்கள் 1288இல் அதையே சட்டமாக்கிவிட்டார்கள்: புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் தூண் நடை வேண்டும், இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லோருக்கும். மழைக்குக் குடை இல்லாமல் உங்கள் மகன் கல்லூரிக்குப் போகலாம். அறைதான் கொஞ்சம் அலைந்து பிடிக்க வேண்டும்.

கேள்வி: போனவுடன் செய்ய வேண்டிய காகித வேலைகள் என்னென்ன?
(மாணவர், வேலூர்)

பதில்: தொண்ணூறு நாளுக்கு மேல் தங்குவதால் நீங்கள் போவது 'டி' வகை விசாவில். இறங்கிய எட்டு வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டிய இடம் தபால் அலுவலகம். அங்கே தரும் ரசீதைத் தொலைக்காதீர்கள், அனுமதி அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகும், ஊர் திரும்பும் வரை ரசீதோடு காலம் தள்ளியவர்களும் உண்டு. அப்புறம் 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்கிற வரி எண், இலவசம்தான், வாடகை ஒப்பந்தத்துக்கு அதைக் கேட்பார்கள். இவற்றை எல்லாம் விட முக்கியமான காகிதம் இங்கேயே இருக்கிறது. அங்கே படிக்கும் எந்தப் பாடத்துக்கு இங்கே எந்தப் பாடத்தின் கிரெடிட் தருவார்கள் என்று உங்கள் துறைத் தலைவரிடம் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன உறுதி, துறைத் தலைவர் மாறினால் அவரோடு போய்விடும்.

கேள்வி: சுத்த சைவம். பட்டினி கிடப்பேனா?
(மாணவி, கும்பகோணம்)

பதில்: கிடக்க மாட்டீர்கள், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். 'தோர்தெல்லினி' என்கிற அடைத்த பாஸ்தாவின் உள்ளே இறைச்சி, குழம்பும் இறைச்சியில் கொதித்தது. அதைவிடக் கொஞ்சம் பெரிதான 'தோர்தெல்லோனி' பெரும்பாலும் ரிகோத்தா பாலாடைக்கட்டி அடைத்தது, அது உங்களுக்கு. ரொட்டி மாதிரி அப்பாவியாக இருக்கும் 'பியாதினா' பல இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்த்துப் பிசைந்தது. பார்மிஜானோ சீஸை உறைய வைப்பது கன்றின் இரைப்பையில் எடுத்த ரெனெட், அது ஆகாது என்றால் அதையும் விடுங்கள். குக்கர் கொண்டு போங்கள், பருப்பும் அரிசியும் அங்கே கிடைக்கும்.

கேள்வி: ஒவ்வொரு வார இறுதிக்கும் ஒரு நாடு என்று பிளான் போட்டிருக்கிறோம். சரிதானே?
(நான்கு நண்பர்கள், சென்னை)

பதில்: பஸ்ஸில் தூங்கி, பஸ்ஸில் எழுந்து, ஒவ்வொரு ஊரிலும் ஒரே சதுக்கத்தில் நின்று போட்டோ எடுப்பதற்கு வாழ்த்துகள். பொலோஞாவிலிருந்து ரயிலில் ஃபெர்ராரா நகரம் அரை மணி, அதிவேக ரயிலில் ஃபிளாரன்ஸ் முக்கால் மணி கூட இல்லை, ராவென்னாவில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு பழைய மொசைக் சுவர்களும் கவிஞர் தாந்தேயின் கல்லறையும் இருக்கின்றன. காலையில் போய் இரவு சாப்பாட்டுக்குத் திரும்பலாம். இரண்டு நாடு போதும். மிச்ச வார இறுதிகளில் உடன் படிக்கும் இத்தாலியப் பிள்ளைகள் கூப்பிட்டால் அவர்கள் வீட்டுக்குப் போங்கள், நான்கு பேரும் ஒன்றாகப் போகாமல்.

கேள்வி: பொலோஞாவின் அசினெல்லி கோபுரத்தில் ஏறினால் பட்டம் கிடைக்காதாமே?
(அதே நண்பர்களில் ஒருவர்)

பதில்: அப்படித்தான் அங்குள்ள மாணவர்கள் நம்புகிறார்கள், பட்டம் வாங்கிய பிறகுதான் அந்த 498 படியில் கால் வைப்பார்கள். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெண்டா கோபுரத்தின் நிலைமை கவலையாகிப் போனதால் 2023 அக்டோபரில் அசினெல்லியையும் சேர்த்து மூடினார்கள், ஆகவே போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். உயரம் ஏறாமல் பார்க்க வேண்டியது சான் பெத்ரோனியோ தேவாலயத்துத் தரையில் இருக்கிறது: வானியலாளர் கசீனி 1655இல் போட்ட, சுமார் 67 மீட்டர் நீளமுள்ள கோடு. கூரைத் துளை வழியாக வரும் வெயில் வட்டம் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அந்தக் கோட்டைக் கடக்கும். உங்கள் கடிகாரத்தில் அது பெரும்பாலும் பன்னிரண்டு மணியாக இருக்காது, கோடையில் ஒன்றையும் தாண்டிவிடும், அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். வெயில் இல்லாத நாளில் போய்ப் பயனில்லை.