பழைய தார்ப் பாளம் ஜாவில் அப்பிக்கொள்கிறதா?

கேள்வி: கரூர் பக்கம் ஜா கிரஷர், அதாவது இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே கல்லை நசுக்கி உடைக்கும் மிஷின், வைத்திருக்கிறேன். இதுவரை கருங்கல் மட்டும்தான் உடைத்தோம். இப்போது ஒரு கான்ட்ராக்டர் பழைய தார் ரோட்டை உடைத்துக் கேட்கிறார். மதியமானால் ஜாவுக்குள் அப்பிக்கொண்டு மிஷின் திணறுகிறது. ஜாவுக்குள் போன வாரம் மாட்டிய புது மாங்கனீசு எஃகு பிளேட்டும் அதற்குள் தேய்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வந்திருக்கும் சரக்கைப் பாருங்கள். பழைய மேல்தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது. அப்படி மில்லிங் மிஷின் சுரண்டித் தரும் சரக்கு ஏற்கெனவே பொடிசாகத்தான் இருக்கும். அதை ஜாவில் கொட்டாதீர்கள். சல்லடையில் விட்டு, மேலே நிற்கும் கட்டியை மட்டும் உடையுங்கள். அந்த ஜல்லி ஒருமுறை அளவாக உடைபட்டது. மறுபடி நொறுக்கினால் தூசிதான் மிஞ்சும், இந்தச் சரக்கைச் சேர்த்துப் போடும் புதுத் தார்க் கலவையில் அந்தத் தூசி தாரைக் குடித்துவிடும். இந்த வேலையில் உடைய வேண்டியது கல் இல்லை, கல்லைப் பிடித்திருக்கும் தார்.

ஜேசிபி பெயர்த்த பாளம் என்றால் வேறு கதை. ஜா அழுத்தி உடைக்கும் மிஷின். கருங்கல் அழுத்தினால் விண்டுபோகும், சூடேறிய தார் நசுங்கி ஒட்டும். நம் ரோடுகளில் அதிகம் போடும் விஜி-30 ரகத் தார் 47 டிகிரியிலேயே இளகத் தொடங்கலாம். பழசானால் கொஞ்சம் இறுகும், உண்மைதான். ஆனாலும் சித்திரை வெயிலில் கிடக்கும் கறுப்புக் குவியலுக்கு அந்தச் சூடு சாதாரணம். அதனால் விடியற்காலையில் ஓட்டி, வெயில் ஏறுமுன் நிறுத்துங்கள். கீழ்வாய் இடைவெளியைக் கூட்டிவையுங்கள், வாய் நிறையக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இந்த ஆர்டர் வருஷம் முழுக்க வரும் என்றால், அடித்து உடைக்கும் இம்பாக்டர்தான் சரி.

அடைத்துக்கொண்டால் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியை உள்ளே இறங்குபவரே வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீல் முழுதாக நின்று, ஜாவுக்கும் முட்டுக் கொடுத்த பிறகுதான் இறங்கலாம். கடப்பாரையோடு ஓடும் ஜாவின் மேல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் ஆட்களை அப்படி நிற்க விடாதீர்கள்.

பிளேட்டுக்கு வருவோம். மாங்கனீசு எஃகு மாட்டியவுடன் கெட்டியாக இருக்காது. கருங்கல்லின் அடி வாங்கி வாங்கித்தான் அதன் மேல்தோல் இறுகும். தார்ப் பாளம் அந்த அடியைக் கொடுக்காது, உரசிக்கொண்டே போகும். புது பிளேட்டைக் கொஞ்ச நாள் கருங்கல்லில் ஓட்டிப் பழக்குங்கள், தாருக்குப் பாதி தேய்ந்த பழைய செட்டை மாட்டுங்கள். கீழ்ப்பக்கம் முதலில் தேயும், அப்போது தலைகீழாகத் திருப்பிப் போடலாம். மாட்டிய முதல் நாள் போல்ட்டுகளை இரண்டு மூன்று முறை நிறுத்தி முறுக்குங்கள், பிளேட் உட்கார உட்கார அவை தளரும்.

ரோட்டுச் சரக்கில் மில்லிங் பல், கம்பித் துண்டு என்று இரும்பு வரும். கொட்டுமுன் ஆள் வைத்துப் பொறுக்குங்கள். தப்பிப் போனால் ஆடும் ஜாவைப் பின்னாலிருந்து தாங்கும் டாகிள் பிளேட் உடைந்து மிஷினைக் காப்பாற்றும், அது உடைவதற்கென்றே இருப்பது. சிலர் அதைத் தடிப்பாக வெல்டிங் வைத்து மாட்டுகிறார்கள். அப்புறம் உடைவது பேரிங்கோ ஷாஃப்ட்டோதான்.

உடைத்த சரக்கைக் கூரைக்கடியில், சரிவான தரையில் போடுங்கள். ஈரம் ஏறினால், ஜல்லியையும் தாரையும் சூடாக்கிக் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்ட்டில் டீசல் செலவு கூடும். குவியல் மேல் லோடரை ஏற்றாதீர்கள், மறுபடி பாளமாகிவிடும். பெல்ட்டில் ஒட்டுகிறதே என்று டீசல் தெளிக்கவும் வேண்டாம். அது தாரைக் கரைத்துக் கலவையைக் கெடுக்கும், பெல்ட் ரப்பரையும் அரிக்கும். சோப்புத் தண்ணீரே போதும்.