கால்வாயைத் தவிர்த்தால் டெல்ஃப்ட் ஏது?

கேள்வி: நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு அடுத்த மாதம் போகிறோம். ஒரு பகல் டெல்ஃப்ட் நகருக்குப் போய்வர எண்ணம். கால்வாயையும் நீலப் பீங்கானையும் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
(வாசகி ஒருவர், நாகூர்)

பதில்: 'தவிர' என்ற சொல்லைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. கால்வாயைத் தவிர்த்தால் அந்த ஊருக்குப் பெயர்கூட மிஞ்சாது. டச்சு மொழியில் 'டெல்வன்' என்றால் தோண்டுதல். மனிதர் தோண்டிய நீர்வழிக்கு வழங்கிய பெயரே அதன் கரையில் வளர்ந்த ஊருக்கும் ஆயிற்று. உங்கள் ஊரருகே கடலில் கலக்கும் ஆற்றுக்கு வெட்டாறு என்று பெயர் இருக்கும்போது, இதை உங்களுக்கு விளக்கவே தேவையில்லை.

ஆகவே கால்வாயைப் பிடித்துக்கொண்டே நடங்கள். ராட்டர்டாமிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் 'அவுடெ டெல்ஃப்ட்', அதாவது 'பழைய வெட்டு', வந்துவிடும். அதன் கரையில் வடக்கு நோக்கிப் போனால், 39ஆம் எண் கட்டடம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய மாளிகை. 1602இல் தொடங்கிய அந்தக் கம்பெனியை நடத்திய ஆறு நகரச் சபைகளில் டெல்ஃப்ட்டும் ஒன்று. 1690 முதல் நாகப்பட்டினத்தைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்ததும் அதே கம்பெனிதான் என்பதால், நாகூரிலிருந்து போகிறவர் அந்த வாசலில் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும்.

இன்னும் மேலே போனால் 167ஆம் எண்ணில், கல்லில் செதுக்கி வண்ணம் தீட்டிய கேடயச் சின்னங்களோடு ஒரு பழைய மாளிகை நிற்கும். அது டெல்ஃப்லாந்து நீர்வாரியத்தின் வீடு. 1289 முதல் இந்த வாரியம் கரைகளையும் மதகுகளையும் நீர்மட்டத்தையும் காத்து வருகிறது. இன்றும் அதற்குத் தனித் தேர்தல் உண்டு, தனி வரி உண்டு. பெரும்பகுதி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அந்த வட்டாரத்தில், எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தண்ணீரைப் பற்றி மட்டும் கவலைப்படுவதற்கென்று ஓர் அமைப்பை மக்கள் விடாமல் பேணியதை நினைத்தால், எனக்கு அங்குள்ள எந்த ஓவியத்தையும்விட அந்தக் கதவே பெரிதாகத் தோன்றுகிறது.

அருகில் பழைய தேவாலயம். அதன் 75 மீட்டர் கோபுரம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் சாய்ந்து நிற்பதற்குக் காரணம், தூர்த்த கால்வாயின் மேல் அதன் அடித்தளம் ஒரு பகுதி அமைந்ததுதான். ஏரியைத் தூர்த்து வீடு கட்டுவோரோடு இந்தக் கேள்வி-பதில் பக்கத்தில் நெடுங்காலமாகச் சண்டையிட்டு வரும் எனக்கு, இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

உள்ளே ஓவியர் வெர்மீரும், நுண்ணுயிர்களைக் கண்ட லேவன்ஹூக்கும் அடக்கமாகியிருக்கிறார்கள். இருவரும் 1632இல் அவ்வூரில் பிறந்தவர்கள். துணி வணிகரான லேவன்ஹூக், 1674இல் பக்கத்து ஏரியின் நீரைத் தம் கையால் செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அதில் நெளிந்த நுண்ணுயிர்களைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு அதே ஊரில் பிறந்த மூன்றாமவரை வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை; அவர் பால்டேயஸ் பாதிரியார். டச்சுக்காரர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் அங்கே பணியாற்றித் தமிழ் கற்ற அவர், மலபாரையும் சோழமண்டலத்தையும் இலங்கையையும் பற்றி எழுதிய பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயர் சூட்டியதும் அந்த டச்சு ஆட்சிதான். அந்தத் தீவை டெல்ஃப்ட் என்றே எழுதி அனுப்பும் கட்டுரைகளில் நெடுந்தீவு என்று நான் திருத்துவதும், அதற்காகச் சிலர் என்னோடு பேசாமலிருப்பதும் பழைய கதை, இனியும் திருத்துவேன்.

எதிர்க்கரையில் பிரின்சன்ஹோஃப், ஸ்பெயினை எதிர்த்த டச்சுக்காரரின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் 1584 ஜூலை 10 அன்று சுடப்பட்ட இடம், குண்டு துளைத்த சுவர் அப்படியே இருக்கிறது. திருத்தப்பணிக்காக மூடியிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர் அடக்கமான புதிய தேவாலயம் சந்தைச் சதுக்கத்தில் உள்ளது. அதன் கோபுரத்துக்கு 376 படிகள், முழங்கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள். நீங்கள் சொல்லும் நீலப் பீங்கான் உண்மையில் பீங்கான் அன்று. கம்பெனிக் கப்பல்களில் வந்த சீனப் பீங்கானைப் பார்த்து, உள்ளூர்க் குயவர்கள் மண்பாண்டத்துக்கு வெள்ளைப் பூச்சிட்டு நீலத்தில் வரைந்தது. மூடிப்போன மதுவடிப்பாலைகளில்தான் அந்தச் சூளைகள் பல எழுந்தன.

வெர்மீரின் ஓவியம் ஒன்றுகூட டெல்ஃப்ட்டில் இல்லை. அவர் தீட்டிய டெல்ஃப்ட் நகரக் காட்சி ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். ஆனால் எந்த நீர்ப்பரப்பின் அக்கரையிலிருந்து அவர் ஊரைப் பார்த்தாரோ அந்த இடம், ஊரின் தெற்கே ஹோய்காடெ என்ற கரையில் இருக்கிறது. திரும்பும் ரயிலுக்கு முன் அங்கே போய் உட்காருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், தேவாலயங்கள் வழிபாட்டுக்கு மட்டுமே திறக்கும். வியாழக்கிழமையானால் சதுக்கம் முழுவதும் சந்தை கூடும். மகனை அன்றைக்கு விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள்.