தார்ச்சாலைக்கு இருபுறமும் காடு

கேள்வி: சாங்கி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் நகருக்குச் சென்றபோது காட்டுக்குள் போவதுபோல் இருந்தது. ஒரே மரத்தை வரிசையாக நட்டு இந்த அழகைக் கொண்டுவந்துவிட முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் சென்றது ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே எனும் விரைவுச்சாலையாக இருக்க வேண்டும். அங்கே குடைபோல் கவிந்து நிற்பவை நாம் தூங்குமூஞ்சி என்று அழைக்கும் மரங்களே. சிங்கப்பூருக்கும் நமக்கும் சொந்தமில்லாமல், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை. அகன்ற நிழலைத் தருவதோடு, அந்தியிலும் வானம் இருண்டு மழை வரும்போதும் இலைகளை மடக்கிக்கொள்வதால், அடியில் வளரும் செடிகளுக்கு மழைநீர் தடையின்றி இறங்குகிறது; கிளைகளில் பெரணிகளும் தொற்றி வளர்வதால் ஒற்றை மரமே ஒரு சிறு தோப்பாகத் தோன்றுகிறது.

ஆயினும் இந்தப் பசுமை முதல் முயற்சியிலேயே கைகூடியதன்று. 1967இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ ‘தோட்ட நகரம்’ என்ற இலக்கை முன்வைத்த காலத்தில், விரைவாக நிழல் வேண்டும் என்பதற்காக, நம் வேங்கையின் உறவான அங்சானா மரங்களை ஏராளமாக நட்டார்கள். முருங்கைப் போத்தை ஊன்றுவதுபோல் தடித்த கிளையை ஊன்றினாலே துளிர்த்துவிடும் மரம் அது. ஆனால் காற்றில் கிளை முறிவதும், நோய் தாக்குவதும் பின்னர் தொல்லையாயின. ஆகவே வரிசை பார்வைக்கு அழகுதான் என்றாலும், ஒரே இனத்தை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அண்மைக் காலத்தில் அங்கு ‘இயற்கை வழிகள்’ என்ற பெயரில் வேறு முறையைக் கையாளுகிறார்கள். மழைக்காட்டின் அடுக்குகளைப் போலவே, உயர்ந்த மரங்கள், அவற்றின் கீழ் நடுத்தர மரங்கள், பிறகு புதர்கள், தரையை மூடும் செடிகள் என்று சாலையோரத்தில் நட்டு, ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்குப் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் செல்ல வழி அமைக்கிறார்கள். மண் மட்டும் வேர் பரவப் போதாமல் இருந்தால் இவற்றில் எதுவும் நிலைக்காது. அதனால் சாலைக்கான வரைபடம் தீட்டும்போதே மரங்களுக்கான மண்பட்டையை ஒதுக்குகிறார்கள். மேம்பாலங்களுக்கு அடியிலும் செடி வளர வேண்டும் என்று, பாலத்தை இரண்டாகப் பிரித்து நடுவில் வெயிலும் மழையும் இறங்க இடைவெளி விட்டதும் உண்டு. தார் போட்டு, கால்வாய் கட்டி, மின்கம்பியும் பதித்து முடித்தபின் மிஞ்சிய குழியில் கன்றை வைப்பவர்களுக்கு இந்த வரிசைமுறை வியப்பாகவே இருக்கும்.

கேள்வி: சாலையோரம் காடாகிவிட்டால் விலங்குகள் வண்டியில் அடிபடாதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அடிபடக்கூடும், நியாயமான அச்சம்தான். 1980களில் அமைக்கப்பட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை, ஒன்றாக இருந்த காட்டை இரண்டாகப் பிளந்தது. அதைக் கடக்க முயன்று அழிவின் விளிம்பிலுள்ள அழுங்குகள் (செதில் போர்த்த எறும்புதின்னிகள்) இறந்தன. ஆகவே 2013இல் அச்சாலைக்கு மேலே, 62 மீட்டர் நீளத்தில், இரு முனைகளும் அகன்று நடுப்பகுதி குறுகிய பாலம் ஒன்றை விலங்குகளுக்கென்றே கட்டி, அதன்மேல் மண் நிரப்பி அந்நாட்டுக் காட்டு மரங்களை நட்டார்கள். இப்போது அழுங்குகள் அதன் வழியாகக் கடப்பதைக் கேமராக்கள் பதிவு செய்துள்ளன.