எதை இறக்கி வைப்பது?

ஐயா, வணக்கம்.

கீழ்த்தஞ்சைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். பொறுப்புக்கு வந்து ஒரு கல்வியாண்டுதான் ஆகிறது. சமீபத்தில் மாவட்ட அளவில் தலைமையாசிரியர்கள் கூட்டம் நடந்தது. சென்னையிலிருந்து துறையின் உயர் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மாநிலத்தில் கல்வி எப்படி இருக்கிறது, வரும் ஆண்டு எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள், என்னென்ன புதிதாக வருகிறது என்று விரிவாகப் பேசினார். நன்றாகவே பேசினார். கேட்கும்போது ஒரு வேகம் வந்தது உண்மை. வீட்டுக்கு வந்து குறிப்பைப் புரட்டினால் பன்னிரண்டு பக்கம். கற்றல் அடைவு, வாசிப்பு இயக்கம், கலைத் திருவிழா, மன்றச் செயல்பாடு, உயர்தொழில்நுட்ப ஆய்வகம், காலை உணவு, மேலாண்மைக் குழு, ஈமிஸ் இணையதளப் பதிவு. எல்லாமே முன்னுரிமை. எங்கள் பள்ளியில் எட்டு வகுப்புக்கு என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு சீனியர் ஹெச்.எம்., “எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்து நம்ம வேலையப் பாக்க வேண்டியதுதாம்மா” என்றார். அவர் நல்ல ஆசிரியர். ஆனாலும் அப்படி இருக்க எனக்கு மனசு வரவில்லை. மேலே இருப்பவர்கள் எங்களிடம் உண்மையில் என்ன சொல்ல வேண்டும்? கேட்டுவிட்டு வரும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பெயரும் ஊரும் வேண்டாம்.

தலைமையாசிரியை ஒருவர்


அன்புள்ள டீச்சர்,

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. மாநிலக் கல்வியின் தலைமையில் இருப்பவர் உங்களையெல்லாம் கூட்டிவைத்துப் பேசினால், ‘இந்த ஆண்டு இதைச் செய்யுங்கள்’ என்பதோடு ‘அதற்காக இதை இறக்கி வையுங்கள், கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்’ என்றும் சொல்ல வேண்டும். அந்தப் பிற்பாதி இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பேச்சும் உங்கள் மேசைக்கு இன்னொரு கோப்பாகத்தான் வந்து சேரும்.

இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை. சென்னை கல்லூரிச் சாலையில் நாம் இன்னும் டி.பி.ஐ. என்றே சொல்லும் கல்வித் துறை வளாகம், 2022 முதல் பேராசிரியர் அன்பழகன் பெயரில் இருக்கிறது. பள்ளிக் கல்வி, தொடக்கக் கல்வி, தேர்வுகள், பாடநூல், பயிற்சி என்று அங்கே பல அலுவலகங்கள். ஒவ்வொன்றும் தன் வேலையை நன்றாக முடிக்கப் பார்க்கிறது. பார்க்கத்தான் வேண்டும். அங்கே தனித்தனியாகப் பிறக்கும் உத்தரவுகள் முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் என்று படிப்படியாக இறங்கி ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான். உங்கள் பன்னிரண்டு பக்கம் அதனால்தான் முக்கியமான ஆவணம். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவன் என்ற முறையில் நானும் இருக்கிறேன். ஒரு நாள் மதியம் கூட்டத்துக்குச் சீக்கிரமே போய் நான்காம் வகுப்பு வாசலில் நின்றிருந்தேன். ஆசிரியர் பலகையில் 52-லிருந்து 37-ஐக் கழிக்கச் சொல்லி எழுதிப் போட்டிருந்தார். அதற்குள் செல்போனில் செய்தி: ‘செயல்முறைகள்’ என்னும் துறை உத்தரவு பி.டி.எஃப்.-ஆக, கூடவே ஒரு கூகுள் படிவம், ‘மிக அவசரம், இன்று மாலைக்குள், தனிக்கவனம்’. அவர் படிவத்தில் இறங்கிவிட்டார். முதல் வரிசைப் பெண் குழந்தை 25 என்று எழுதிவிட்டு நோட்டை நீட்டியபடி நின்றாள். ஐந்தில் மூன்று போனால் இரண்டு, ஏழில் இரண்டு போனால் ஐந்து. எது பெரிதோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்கு இன்னும் விளங்கவில்லை என்று அந்த ஒரு விடை சொல்லிவிடும். உட்கார வைத்து ஐந்து நிமிடம் காட்டினால் சரியாகிவிடும். ஆசிரியர் நிமிர்ந்தபோது மணி அடித்துவிட்டது. அவர் சோம்பேறி இல்லை. அவரிடம் அந்த ஐந்து நிமிடம் இல்லை. அது எங்கே போனது என்று கேட்பதுதான் கல்வித் தலைமையின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன்.

தெளிவாகச் சொன்னால் கீழே வேலை நடக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியபோது சொன்னது ஒரே விஷயம்: 2025-க்குள் எட்டு வயதுக் குழந்தைகள் எல்லோரும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும். கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்து முடிந்த நேரம். எந்த வகுப்பில் இருந்தாலும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம் என்று அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தார்கள். ஆசிரியர்களுக்கு அதில் பல குறைகள் தெரியும், எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் எதற்காக இதைச் செய்கிறோம் என்று எந்த ஒன்றாம் வகுப்பு டீச்சரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இறக்கி வைப்பதும் நடக்காத காரியம் இல்லை. பதினோராம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு 2017-18-ல் வந்தது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அதை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் வகுப்பறை இருக்கைகளை ‘ப’ வடிவில் போடச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது, கேள்விகள் எழுந்ததும் நிறுத்தி வைத்தார்கள். கேள்வி மேலே போனதால் வந்த முடிவு அது. ஆகவே கேள்வி மேலே போகும், பதிலும் வரும்.

இதற்காக எல்லாச் சுற்றறிக்கையையும் சுமை என்று தள்ளிவிட நம் பக்கத்து ஆட்களால் முடியாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் போனார்கள். கீற்றுக் கூரை, குறுகலான படிக்கட்டு, ஒரே கட்டடத்துக்குள் நெருக்கியடித்த வகுப்புகள். பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்து, எழுத வேண்டியதை எழுதியிருந்தால் தடுத்திருக்கலாம். அதனால் மழைக்கு முன்னால் வரும் அந்தக் கடிதத்தை, சுவரில் ஈரம் இருக்கிறதா, சுவிட்ச் போர்டு சரியா, கிணற்றுக்கு மூடி உண்டா, பழைய கட்டடத்துப் பக்கம் பிள்ளைகள் போகாமல் தடுப்பு இருக்கிறதா என்று கேட்கும் கடிதத்தை, தலையாட்டிவிட்டு ஓரமாக வைக்கக் கூடாது. ‘ஆம்’ என்று டிக் போடுவதற்கு முன் நீங்களே ஒரு சுற்று நடந்து பாருங்கள். எல்லாம் முன்னுரிமை என்று சொல்லும்போது நடக்கும் பெரிய ஆபத்தே இதுதான், உயிர் சம்பந்தப்பட்ட தாளும் கலைத் திருவிழாப் புகைப்படம் கேட்கும் தாளும் ஒரே ‘மிக அவசரம்’ முத்திரையோடு வந்து ஒரே கட்டில் கிடக்கும்.

உயர் அதிகாரி எப்படிப் பேச வேண்டும் என்று கேட்டால் எனக்கு நெ.து.சுந்தரவடிவேலு ஞாபகம்தான் வரும். 1954-ல் காமராசர் முதல்வராக வந்த காலத்தில் பொதுக்கல்வி இயக்குநர் ஆனவர். பகல் உணவுத் திட்டம் அவர் தோளில் வளர்ந்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். அங்கே முதலில் பேசியது பள்ளிக்கூடத்தின் தேவைப் பட்டியல். இந்தப் பள்ளிக்குக் கரும்பலகை இல்லை, அந்தப் பள்ளிக்குக் கட்டடம் இல்லை, பிள்ளைகளுக்குச் சீருடை இல்லை என்று ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் எழுந்து ஆளுக்கொன்றை ஏற்றுக்கொள்வார்கள். மாநிலத்தின் கல்வித் தலைவர் மேடையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைக் கேட்டார். அதைக் கேட்ட பிறகு பேசுகிறவரின் பேச்சு வேறு மாதிரித்தான் இருக்கும். சென்னையிலேயே எழுதிக் கொண்டுவந்த பேச்சை அப்படியே வாசிக்க மனசு வராது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அந்த மாநாட்டுக்குச் சமமான ஒன்று இன்று உங்கள் கையில் சட்டமாகவே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 21 பள்ளி மேலாண்மைக் குழுவைச் சொல்கிறது, 22 அந்தக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. அதோடு நிற்கவில்லை. அரசு போடும் திட்டத்துக்கும் தரும் மானியத்துக்கும் அந்தப் பள்ளித் திட்டமே அடிப்படை என்றும் சொல்கிறது. படிவம் நிரப்பும் வேலையாக அதைச் சுருக்கிவிட்டோம். நடவுக்குப் போகிற அம்மாக்கள், கொத்தனார், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லாம் உட்கார்ந்து, ‘எங்கள் பள்ளிக்கு இந்த ஆண்டு முதலில் வேண்டியது இது’ என்று தீர்மானம் போட்டால், சட்டப்படி உங்கள் பன்னிரண்டு பக்கத்தைவிட அதற்கு எடை அதிகம்.

அதில் நம் மண்ணின் காலண்டரை எழுதுங்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டவணைதான் வருகிறது, ஆனால் டெல்டாவில் அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை ஆண்டு நம் கையில் இல்லை. கலெக்டர் மழை விடுமுறை விட்டது காலை ஆறு மணிக்கு டி.வி.யில்தான் தெரியும். பள்ளியே முகாம் ஆகிவிட்டால் சாவி வி.ஏ.ஓ. கையில். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறிய பிறகு ஓடு போன வகுப்பறைகளையும் நனைந்து ஊறிய பாடப் புத்தகங்களையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வாரங்கள் கழிந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் எதிரே அரையாண்டுத் தேர்வு நிற்கிறது. ஆகவே வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் முடிந்த அளவு முன்னேறிவிட வேண்டும். மேட்டூர் திறந்து குறுவை நடக்கும் அந்த மூன்று மாதம்தான் நம் பள்ளிகளுக்கும் நல்ல பருவம். அப்போது போட்டி, விழா, பயிற்சி எதற்கும் ஆசிரியரை வெளியே இழுக்காதீர்கள் என்று குழு தீர்மானம் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக மேலே அனுப்பலாம். கூட்டத்தில் எழுந்து சொன்னால் காற்றோடு போய்விடும். ந.க. எண் என்னும் கோப்பு எண் போட்டு அனுப்பினால் யாராவது ஒருவர் அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும்.

காலை உணவை மட்டும் அந்தப் பன்னிரண்டு பக்கத்திலிருந்து தனியே எடுத்து வையுங்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளைப் பள்ளியில் வைத்துத்தான் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். விடியும் முன்னே தாய் வயலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள், ஆசிரியரின் பாட நேரத்தில் அது கைவைக்கவில்லை. புதிதாக எது வந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பிள்ளைக்கு என்ன சேர்கிறது, ஆசிரியரிடமிருந்து எவ்வளவு நேரம் போகிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த அரசியலில் என் பக்கம் மாநிலத்தின் பக்கம்தான். ஆனால் தலைமையாசிரியர்களிடம் பேசுகிறவர்கள், இந்தத் தொகை வரும், இது வராது, வராததற்கு உங்கள் கையிலிருந்து போட வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். சாக்பீஸுக்கும் பினாயிலுக்கும் சொந்தச் சம்பளத்திலிருந்து எடுக்கும் ஹெச்.எம்.கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

உங்களோடு பஸ்ஸில் வந்த அந்த சீனியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பல ஆண்டுகள் சொல்லிப் பார்த்து, பதில் வராமல் அப்படி ஆகியிருப்பார். ஆனால் அவர் தலையாட்டிவிட்டு வரும் ஒவ்வொரு முறையும், மேலே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் தகவல் போகிறது. அடுத்த ஆண்டு பட்டியலில் இன்னும் இரண்டு சேரும். அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்தில் நான்கு பள்ளிகள் ஒரே மாதிரித் தீர்மானம் போட்டால் அதை யாரும் தனி ஒருவரின் புலம்பல் என்று ஒதுக்க முடியாது.

குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் என்றால் நடவு, களையெடுப்பு நாட்களில் பெற்றோர் கூலியை விட்டுவிட்டு வர மாட்டார்கள். திட்டம் போடும் அந்த ஒரு கூட்டத்தையாவது சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வைத்துக்கொள்ள வட்டாரக் கல்வி அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வாங்கிவிடுங்கள். தீர்மானம் எழுதியதும் முடிந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். எங்கள் ஊர்க் குழுவில் அதை வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்