இந்தியாவும் அமெரிக்காவும் ராணுவக் கூட்டாளிகளா?

இரு நாடுகளுக்கும் இடையே இத்தனை ராணுவ ஒப்பந்தங்கள் இருக்கும்போது, இந்தியாவை அமெரிக்காவின் கூட்டணி நாடு என்று சொல்லலாமா என்பது கேள்வி. சொல்ல முடியாது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஒப்பந்தத்தில் 5ஆவது பிரிவு, உறுப்பு நாடு ஒன்றின் மீதான தாக்குதலை அனைவர் மீதான தாக்குதலாகக் கொள்கிறது. அப்படியொரு கடப்பாடு இவ்விரு நாடுகளுக்கிடையே எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

இருப்பது வேறு வகை உறவு. 2005 ஜூலையில் மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் வெளியிட்ட கூட்டறிக்கையில் தொடங்கி, இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டதால் நாடாளுமன்றத்தில் 275-256 என்ற நூலிழை வித்தியாசத்தில் அரசு பிழைத்த பிறகு, 2008 அக்டோபரில் கையெழுத்தான அணுசக்தி ஒப்பந்தமே அதன் உண்மையான திருப்புமுனை என்பது என் கருத்து. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராத ஒரு நாட்டுக்கு அணு வணிகத்தின் கதவு திறந்தது சாதாரண விஷயமல்ல.

2016இல் கையெழுத்தான தளவாட உதவி ஒப்பந்தம், ஒருவர் தளத்தில் மற்றவர் எரிபொருளும் உதிரிப் பொருள்களும் பெற வழிசெய்கிறது. தளம் அமைக்கும் உரிமையைத் தரவில்லை. 2022 ஆகஸ்டில் 'சார்லஸ் ட்ரூ' என்னும் அமெரிக்கக் கடற்படைச் சரக்குக் கப்பல், சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் பழுதுபார்க்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்ப்புக்கு வந்தது அதுவே முதல்முறை. வேலை முடிந்ததும் கப்பல் கிளம்பிவிட்டது.

2018 செப்டம்பரில் தகவல் தொடர்புப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் அமெரிக்காவுடன் கையெழுத்திட்ட இந்தியா, அடுத்த மாதமே, வாஷிங்டனின் தடை எச்சரிக்கையையும் மீறி, ரஷ்யாவிடம் எஸ்-400 வான்காப்பு ஏவுகணைகளை வாங்க ஒப்பந்தம் செய்தது.