காக்டெயில் கிளி கத்துதுன்னு ஜோடி வாங்கலாமா?

கேள்வி: எங்க வீட்ல ஒரே ஒரு காக்டெயில் (cockatiel, தலையில கொண்டை வெச்ச சின்னக் கிளி). நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், பசங்க ஸ்கூல், ஸ்விம்மிங்னு ஓடிட்டே இருப்பாங்க. நாங்க வீட்ல இருக்கிறப்பகூட ரூமை விட்டு நகர்ந்தா போதும், காது கிழியுற மாதிரி கத்துது. ஜோடி வாங்கி விட்டா சரியாயிடுமா?

பதில்: அவசரப்படாதீங்க. அது அடம் இல்லைங்க. காக்டெயில் ஆஸ்திரேலியாவுல கூட்டமா திரியுற பறவை, கூட இருக்கிறது கண்ணுல படலைன்னா எங்க இருக்கேன்னு குரல் குடுக்கும், பதில் வந்தா அடங்கிடும். உங்க வீட்ல அதோட கூட்டமே நீங்கதான், பதில் வரலைன்னா சத்தம் ஏறிட்டே போகும். மொதல்ல சின்னதா ஒரு விசில் அடிக்கும் பாருங்க, அப்பவே அடுத்த ரூம்ல இருந்தே நீங்களும் ஒரு விசில் திருப்பி அடிச்சிடுங்க. கத்த ஆரம்பிச்சப்புறம் ஓடிப்போய் திட்டினா, கத்தினா ஆள் வரும்னு புரிஞ்சுக்கும், ஏன்னா திட்டுறதும் அதுக்குப் பேச்சுத்துணைதான். வாய மூடின உடனே போங்க.

கூண்டு பால்கனியில இருந்தா ஹாலுக்குக் கொண்டு வாங்க, ஆனா ஒரு பக்கம் சுவரோட ஒட்டி இருக்கட்டும், நாலு பக்கமும் ஆள் நடமாடினா மிரளும். கிச்சன் வேணவே வேணாம், நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறி சூடானா வர்ற புகையே பறவையக் கொன்னுடும்.

நாள் பூரா கொஞ்சிட்டு இருக்கணும்னு இல்ல. பசங்க ஹோம்வொர்க் பண்றப்ப பக்கத்துல நாற்காலி முதுகுல உக்காந்து பேனா மூடியக் கொத்திட்டு இருந்தாலே (மூடி போச்சுன்னு வெச்சுக்கோங்க, முழுங்காமப் பாத்துக்கோங்க) அதுவும் கூட்டத்துல இருக்கிற மாதிரிதான், ஆனா தினமும் கிட்டத்தட்ட அதே நேரத்துல நடக்கணும். கொண்டைய தலையோட ஒட்டிப் படுக்க வெச்சு சீறுச்சுன்னா அப்ப விட்டுடுங்க, பசங்களுக்கு இத மொதல்ல சொல்லிக் குடுங்க. வெளிய கிளம்பும்போது தினையக் காகிதத்துல பொட்டலம் கட்டிக் கூண்டுல மாட்டினா கிழிச்சுத் தேடித் திங்கும், பொழுதும் போகும். ராத்திரி 10, 12 மணி நேரம் தூக்கம் வேணும், நீங்க லேட்டா டிவி பாக்குற வீடுன்னா அது தூங்குறதுக்கு வேற ரூம் பாருங்க.

இவ்வளவும் செஞ்சும் பகல் முழுக்க வீடு காலியாத்தான் கிடக்கும்னா ஜோடி வாங்குறது நியாயம்தான். ஒத்துப்போகும்னு கேரண்டி இல்ல, 15, 20 வருஷம் வாழுற பறவை வேற, ரெண்டு கூண்டுக்கு எடம் இருக்கான்னு பாத்துட்டு இறங்குங்க. புதுசா வர்றத டாக்டர்கிட்ட காட்டி ஒரு மாசமாவது தனி ரூம்ல வெச்சிட்டு அப்புறம் அறிமுகப்படுத்துங்க.